கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை: கைக்கு அடக்கமாகக் கொண்டாடத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் வந்தால் போதும், நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், அதிலும் புதுசாகக் குடித்தனம் தொடங்கிய வீடுகளில், பழைய தவறுகளே புதுசாக நடக்கின்றன. கடன் வாங்காதீர்கள், ஆடம்பரம் வேண்டாம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம். கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்களே சறுக்கும் இடங்களைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்கூட்டி வந்த சம்பளத்தைப் போனஸாக நினைப்பது

சில பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கம்பெனிகளிலும் டிசம்பர் சம்பளத்தைப் பண்டிகைக்காக 22, 23-ம் தேதியே கொடுத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அடுத்த சம்பளம் ஜனவரி 31-ல்தான் வரும். 22-ம் தேதி கைக்கு வந்த பணம் 40 நாள் ஓட வேண்டும். நடுவில் 31-ம் தேதி இரவு ஆராதனை, புத்தாண்டு, பள்ளி திறப்பு, பொங்கல் என்று வரிசையாக நிற்கின்றன. "22-ம் தேதியே வந்துவிடுமே" என்ற தெம்பில் நவம்பர் சம்பளத்தையும் 20-ம் தேதிக்குள் துடைத்துவிடுவதுதான் இன்னும் மோசம்.

24,000 ரூபாய் சம்பளம் வாங்கும் நாலு பேர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஜவுளிக்கடைப் படி ஏறுவதற்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டியவை: ஜனவரி வாடகை 7,000, குழுக் கடன் தவணை 2,500, 40 நாளுக்குப் பால், மளிகை, காய்கறி 8,000, பள்ளி வேன் 1,200, கேஸ், கரண்ட் 1,300. மொத்தம் 20,000. மிச்சமிருக்கும் 4,000 கிறிஸ்துமஸுக்கு மட்டுமல்ல, மூன்று பண்டிகைக்கும் சேர்த்து. கிறிஸ்துமஸுக்கு 2,400, புத்தாண்டுக்கு 600, பொங்கலுக்கு 1,000 என்று பிரித்தால் தாங்கும். பொங்கல் வீட்டில் வைக்காவிட்டாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கரும்பு கடிக்கும்போது நம் பிள்ளைகளும் கேட்கத்தான் செய்யும்.

இப்படிப் பிரிக்காத வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். மூன்றே நாளில் பத்தாயிரம் போய்விடும். ஜனவரி 5-ம் தேதி வாடகை கொடுத்ததும் கை காலி. 10-ம் தேதி வாக்கில் கம்மல் அடகுக் கடைக்குப் போகும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் 10,000 ரூபாய்க்கு மாதம் 200. அடுத்த டிசம்பருக்கு முன்னால் மீட்டால்கூட 11 மாதத்துக்கு 2,200. ஒரு கிறிஸ்துமஸ் செலவே வட்டியாகக் கரைந்துவிடுகிறது. வருடா வருடம் இதைப் பார்க்கும்போது மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. காரணம், இது வருமானக் குறைவால் வருவதில்லை, காலண்டரைப் பார்க்காததால் வருவது.

"முதல் தவணை ஜனவரியிலிருந்து கட்டினால் போதும்" என்று செல்போனும் டிவியும் விற்பார்கள். வருடத்திலேயே கை மிகவும் வறண்டிருக்கும் மாதம் அதுதான். அந்தப் பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. சம்பளம் வந்த அன்றைக்கே வாடகையைக் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்காரர் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்? அரிசி, பருப்பு, எண்ணெயை ஜனவரி கடைசி வரைக்கும் சேர்த்து வாங்கிப் போடுங்கள். பணமாக இருந்தால் செலவாகும், சாமானாக இருந்தால் நிற்கும். தினக்கூலி வீடுகளுக்கு இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். 24 முதல் 26 வரை, ஜனவரி 1, பிறகு பொங்கல் நாட்கள் என்று வேலையில்லாத நாட்களை முதலில் எண்ணி, அத்தனை நாள் சாப்பாட்டுக் காசை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

துணியை டிசம்பரில் எடுப்பது

தீபாவளி முடிந்ததும் கடைகளில் மீந்த சரக்கை விலை குறைத்துத் தள்ளுவார்கள். அப்போது எடுத்து நவம்பரிலேயே டெய்லரிடம் கொடுத்துவிட வேண்டும். டிசம்பர் நடுவில் போனால் டெய்லர் கையை விரிப்பார், ரெடிமேடுக்குக் கூடுதல் விலை அழ வேண்டியிருக்கும். பெண் பிள்ளைகளின் பாவாடை, கவுன் ஓரத்தில் உள்ளே இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அந்த மடிப்பைப் பிரித்துவிட்டால் நீளம் சரியாக இருக்கும். புத்தாண்டுக்குத் தனி உடுப்பு கட்டாயமில்லை.

பலகாரத்தை 24-ம் தேதி சுடுவது

அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் பலகாரம் வேண்டும் என்று கடைசி நாளில் எண்ணெய்ச் சட்டியை வைத்து, பாதி கெட்டு, மீதிக்குக் கடையில் ஸ்வீட் பாக்ஸ் வாங்குவதில்தான் காசு போகிறது. கைக்கு அடக்கமான பலகாரம் முந்திரிக்கொத்து. அரைக் கிலோ சிறுபயறு, 400 கிராம் வெல்லம், ஒரு தேங்காய், ஏலக்காய், முக்குவதற்கு அரிசி மாவு. பயறை வாசம் வரும் வரை சிறுதீயில் வறுத்து ரவைப் பதத்துக்குத் திரியுங்கள். தேங்காய்த் துருவலை ஈரம் துளியும் இல்லாமல் பொன்னிறமாக வறுக்க வேண்டும். ஈரம் நின்றால் மூன்றாம் நாளே ஊசல் வாடை அடிக்கும். இரண்டையும் ஏலக்காயோடு வெல்லப் பாகில் கலந்து உருட்டுங்கள். பாகு நீர்த்திருந்தால் உருண்டை எண்ணெயில் பிளந்து, பயறு முழுக்கச் சிதறி, எண்ணெயே வீணாகும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருட்ட வர வேண்டும். மேல்மாவு இட்லி மாவுப் பதம், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு. உருண்டையை ஒரு ராத்திரி ஆறவிட்டு மறுநாள் பொரித்தால் உடையாது. 20-ம் தேதி சுட்டு, ஆறியபின் டப்பாவில் அடைத்தால் புத்தாண்டு வரை நிற்கும்.

அச்சு முறுக்கு அச்சில் ஒட்டினால் மாவைக் குறை சொல்லாதீர்கள், அச்சு எண்ணெயில் போதுமான அளவு சூடாகவில்லை. கலகலாவுக்குச் சர்க்கரை அதிகமாகப் போட்டால் வெளியே கருகி உள்ளே வேகாது.

ஒரு கேக்குக்காக ஓவன் அடுப்பு வாங்குவது

வேண்டாம். உங்கள் ஊர் பேக்கரியில் மாவைக் கொடுத்தால் கூலிக்குச் சுட்டுத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அடிகனமான குக்கரில் மணல் பரப்பி, விசில், கேஸ்கட் எடுத்துவிட்டுச் சிறுதீயில் சுடலாம்.

நட்சத்திரத்துக்குள் குண்டு பல்பு

60 வாட் பல்பு காகிதத்தைக் கருக்கும். 5 வாட் எல்.இ.டி. போதும். காகித நட்சத்திரத்தை மடித்து ஈரமில்லாத இடத்தில் வைத்தால் அடுத்த வருடமும் ஆகும்.

கேரல் குழு வரும் தேதி தெரியாமல் இருப்பது

வீடு வீடாகப் பாட்டுப் பாடி வரும் குழு என்றைக்கு வருகிறது என்று சபையில் முன்கூட்டியே கேளுங்கள். 30 பேர் வந்தாலும் சுக்குக் காபி போதும்.

கறிக்கு 25-ம் தேதி காலையில் வரிசையில் நிற்பது

கறிக்கடையில் 22-ம் தேதியே சொல்லி வையுங்கள்.

பதிவில்லாத கிறிஸ்துமஸ் சீட்டு

தெரிந்த அக்கா நடத்துகிறார் என்பது பாதுகாப்பு ஆகாது. 1982-ம் ஆண்டுச் சிட்பண்டு சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், தயங்கினால் ஒதுங்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக 9 மாத ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் சேமிப்பு) தரும் வங்கியில் மாதம் 500 ரூபாய் கட்டலாம். அதை ஜனவரியில் தொடங்க வேண்டாம், அப்போது கை வறண்டிருக்கும். பிப்ரவரியில் தொடங்கினால் அக்டோபரில் ஒன்பதாவது தவணை முடிந்து, 4,500 ரூபாயும் வட்டியும் நவம்பரில் துணி எடுக்கும் நேரத்துக்குக் கைக்கு வரும்.