சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறுங்கள்

வெளிநாட்டில் இருந்து ஊருக்குப் போகும் நம்மவர்களில் பலர் சிவனொளிபாதமலையை ஒரே இரவில் முடித்துவிடுகிறார்கள். கொழும்பில் வான் பிடித்து, இரவோடு இரவாக மலையடிவாரத்து நல்லதண்ணியில் இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு படியேறி, சூரிய உதயத்தைப் படம் எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பி விடுவார்கள். விடுமுறை குறைவாக உள்ளவர்களுக்கு அதுவும் சரிதான். மூன்று நாள் ஒதுக்க முடிந்தால், இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறி நல்லதண்ணிப் பக்கத்தால் இறங்குங்கள். இரண்டு பக்கமும் இரண்டு வேறு உலகங்கள்.

இரத்தினபுரிப் பாதை மிகப் பழையது. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் மலைக்குப் போகும் யாத்திரிகர்களின் சாப்பாட்டுச் செலவுக்காகக் கிலிமலை என்ற ஊரையே மானியமாக எழுதி வைத்தான். இன்றும் இரத்தினபுரியில் இருந்து பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 1344இல் இந்த மலைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதாவுக்குப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பியது யாழ்ப்பாணத்து மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி. துணைக்குப் போனவர்களில் ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வரும் இருந்தார்கள். மலைக்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்று சுலபம், மற்றது கடினம், சுலபமான வழியால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே இங்கு மதிப்பதில்லை என்று இபன் பதூதா எழுதி வைத்திருக்கிறார். அந்த யோகிகள் நடந்த மலைக்குத்தான் நாமும் போகிறோம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதலில் காலத்தைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். யாத்திரைக் காலம் மார்கழிப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வைகாசியில் வெசாக் போயாவோடு முடிகிறது. இந்த மாதங்களில்தான் பாதையில் மின்விளக்கும் தேத்தண்ணிக் கடைகளும் இருக்கும். மற்ற மாதங்களில் மழை, காற்று, இருட்டு. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் அப்போது ஏறவே வேண்டாம். ஜனவரியும் பெப்ரவரியும் நல்லது. மார்ச் பிற்பகுதியில் இருந்து பின்னேரங்களில் இடியுடன் மழை வரத் தொடங்கும். போயா நாட்களையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். நீண்ட விடுமுறை வந்தால் உச்சிக்குக் கீழே மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டி வரும். கிழமை நாளில் போனால் அதே பாதை அமைதியாக இருக்கும்.

உயரத்தைக் கவனியுங்கள். உச்சி 2,243 மீட்டர். நல்லதண்ணியில் இருந்து ஏறினால் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலவில் இருந்து ஏறினால் 1,800 மீட்டருக்கும் மேல். தூரமும் அதிகம், வெக்கையும் அதிகம். கனடாவிலோ நோர்வேயிலோ குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்த உடம்போடு வந்து இறங்கி, மூன்றாம் நாளே இதில் கால் வைக்காதீர்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே படியேறிப் பழகுங்கள். இறங்கியும் பழகுங்கள், ஏனென்றால் முழங்கால் அடிவாங்குவது இறக்கத்தில்தான். ஊரில் ஒரு கிழமை இருந்து வெக்கைக்கு உடம்பு பழகிய பிறகு மலைக்குப் போங்கள். நெஞ்சு வருத்தமோ முழங்கால் வருத்தமோ உள்ள அம்மா அப்பாவையும் சின்னப் பிள்ளைகளையும் இந்தப் பக்கத்தால் கூட்டிப்போக வேண்டாம்.

ஏறுவதற்கு முதல்நாள் இரவு இரத்தினபுரியில் தங்குங்கள். யாத்திரிகர்கள் வழக்கமாக வணங்கிச் செல்லும் மகா சமன் தேவாலயம் அங்கே இருக்கிறது. விடியற்காலையில் பலாபத்தலவுக்கு பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போய், வெயில் ஏறும் முன் நடக்கத் தொடங்குங்கள். ஏறும் முதல் நாள் முழுவதும் மழைக்காடுதான். இந்தக் காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. சிறுத்தையும் யானையும் வாழும் காடு என்பதால் பாதையை விட்டு விலகாதீர்கள், தனியாகவும் நடக்காதீர்கள்.

கல்லில் பாசி பிடித்திருக்கும். பிடிமானம் உள்ள அடிப்பாகம் கொண்ட சப்பாத்தும் ஒரு ஊன்றுகோலும் கட்டாயம். அப்புறம் அட்டை. மழை பெய்திருந்தால் இலை நுனிகளில் நூல் போல எழுந்து நின்று, நீங்கள் நிற்கும் இடத்தை நோக்கி வளைந்து வளைந்து வரும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக் காலுறைமேல் சவர்க்காரம் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். உப்பையோ தேசிக்காய்ச் சாற்றையோ விட்டால் தானே விழுந்துவிடும். இபன் பதூதாவும் இங்கே அட்டையைக் கண்டு, ஊரார் அதற்குத் தேசிக்காய் பிழிவதை எழுதியிருக்கிறார். கடித்த இடத்தில் இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும். பயப்பட ஒன்றும் இல்லை. கழுவி, பஞ்சு வைத்துக் கட்டினால் போதும்.

வழியில் சிங்கள யாத்திரிகர் கூட்டங்களோடு சேர்ந்துதான் நடப்பீர்கள். முதல் முறை ஏறுகிறவர்களை ‘கோடு’ என்பார்கள், கூட்டத்தை வழிநடத்தும் அனுபவசாலி ‘நடே குரா’. இறங்கி வருகிறவர்கள் ‘கருணாவாய்’ என்று பாடினால் நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள். தமிழில் ‘அரோகரா’ சொல்லவும் கூச்சப்பட வேண்டாம். நமக்குச் சிவனின் பாதம், அவர்களுக்குப் புத்தரின் பாதம், இஸ்லாமியருக்கு ஆதம் நபியின் பாதம். எல்லோரும் ஒரே பாதையில்தான் மூச்சு வாங்குகிறார்கள். மலையில் மதுவும் மாமிசமும் கூடாது. பொலித்தீனையும் வெற்றுப் போத்தல்களையும் கட்டாயம் கீழே கொண்டுவாருங்கள்.

மலையில் தங்கும் இரவுக்கு ஹெரமிட்டிபான. யாத்திரிகர் தங்கும் மடங்கள் உள்ள இடம், குருவிட்ட, எரத்ன வழியாக வருகிறவர்களும் இங்குதான் வந்து சேருவார்கள். அறை, கட்டில் எதிர்பார்க்காதீர்கள். தரையில் பாய், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம். ஒரு போர்வை, மாற்றுடுப்பு, டோர்ச் வேண்டும். வியர்த்து நனைந்த உடுப்போடு மட்டும் படுக்காதீர்கள், குளிரில் நடுங்கிவிடுவீர்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு முன் எழும்பினால் போதும். அங்கிருந்து மகாகிரிதம்ப என்ற கடைசிச் செங்குத்து. இரும்புக் கம்பியைப் பிடித்து ஏற வேண்டிய இடம் என்பதால் இரண்டு கையும் வெறுமையாக இருக்கட்டும். கைத்தொலைபேசியைப் பையில் போடுங்கள். உச்சி முற்றத்தில் செருப்பு, சப்பாத்துக் கழற்ற வேண்டும். அந்த நேரத்துக் கல் ஐஸ் போலக் குளிரும், தடித்த காலுறை ஒன்றைக் காயவைத்தே கொண்டுபோங்கள். காற்றைத் தடுக்கும் மேலங்கியும் வேண்டும். நீங்கள் எத்தனையாவது முறை ஏறுகிறீர்களோ அத்தனை தரம் மணி அடிக்கலாம். சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கைப் பார்த்து நிற்பார்கள். நீங்கள் மறுபக்கம் போங்கள். மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே மேகத்தின்மேல் விழுந்திருக்கும். சூரியன் உயர உயர அது உங்களை நோக்கிச் சுருங்கி வரும். சில நிமிடங்கள்தான் தெரியும்.

இறக்கம் நல்லதண்ணிப் பக்கம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஓடாதீர்கள். சீதகங்குல ஓடையில் நின்று கைகால் கழுவிக்கொண்டு ஆறுதலாக வாருங்கள். கீழே இறங்கியதும் உடனே வான் பிடிக்காமல் அன்றிரவு நல்லதண்ணியில் தங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வடக்கு கிழக்கில் இருந்து புலம்பெயர்ந்த நம்மில் எத்தனை பேருக்கு மலையகத் தமிழர் ஒருவரையாவது பேசிப் பழகத் தெரியும்? இந்தத் தேயிலை மலைகளை உருவாக்கியவர்கள் அவர்களின் பாட்டன் பூட்டன்மார். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களைத்தான் நாடற்றவர்களாக்கியது. அடுத்த நாள் காலை தோட்டத்துப் பாதையில் நடந்து, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆட்களோடு பேசுங்கள், தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் போங்கள். கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மஸ்கெலியாப் போகும் வழியில் மவுசாகலை நீர்த்தேக்கம் வரும். பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் வற்றிய காலத்தில் கோயில் கட்டடம் வெளியே தெரியும், பஸ்ஸின் ஜன்னல் பக்கம் இருங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் இரட்டைக் குடியுரிமை இல்லாவிட்டால் புறப்படும் முன்பே இணையத்தில் ஈ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) எடுத்துவிடுங்கள். மலையில் வங்கி அட்டை இயந்திரம் இல்லை, சில்லறையாகக் காசு வைத்திருங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. ஹட்டனில் இருந்து கொழும்புக்கு ரயில் உண்டு. மண்சரிவால் மலைநாட்டுப் பாதை அடிக்கடி தடைப்படுவதால் ஓடுகிறதா என்று முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பஸ்தான். விமானம் ஏறும் நாளுக்கும் மலை இறங்கும் நாளுக்கும் இடையில் இரண்டு நாளாவது விடுங்கள்.