வாடகைக்கு வீடு காட்டப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

மலையகத்தில் பல வாடகை வீடுகளின் சாவி அம்மாவிடமோ பெரியம்மாவிடமோதான் இருக்கும். மகன் கொழும்பில், மகள் கட்டாரில். இடமாற்றம் கிடைத்து வரும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் தாதியரும் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வீடு தேடுவார்கள். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வந்துவிட்டால், ஒரு வாரத்துக்கு மட்டும் வீடு கேட்டும் போன் வரும். அழைப்பவர்களில் அநேகர் நல்லவர்கள்தான். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவரோடு ஆளில்லாத வீட்டுக்குள் போகிறோம். கேட்க வேண்டியதைக் கேட்கக் கூச்சப்படுவதில்தான் பாதி ஆபத்து இருக்கிறது.

முதல் தவறு விளம்பரத்திலேயே நடந்துவிடுகிறது. “வீடு காலியாக உள்ளது, எந்த நேரமும் பார்க்கலாம்” என்று பேஸ்புக்கில் போட்டால் அதைத் திருடனும் வாசிப்பான். வீட்டு இலக்கமும் வாசல் கேட்டும் தெரியும்படி படம் போட வேண்டாம். ஊரை மட்டும் சொன்னால் போதும், சரியான இடத்தைப் பேசிய பிறகு சொல்லலாம். “நான் தனியாகத்தான் இருக்கிறேன் தம்பி” என்று போனில் சொல்லிவிடுவது இன்னொன்று. அது அவருக்குத் தேவையில்லாத தகவல்.

அடையாள அட்டையைக் கேட்டால் மனம் நோகுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நோகாது. நேர்மையாக வீடு தேடுகிறவர் உடனே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். வந்ததும் இலக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பழைய அட்டையில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான், மற்றது அதே முறை. “வயது 45, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்” என்று பேசியவரின் அட்டை 2001 என்று தொடங்கினால், வீட்டைக் காட்டும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள், அடுத்தவர் அட்டையைச் சேர்த்து வைப்பதும் நல்லதல்ல.

நமக்கே உரிய ஒரு பலவீனமும் உண்டு. “எந்தத் தோட்டம்?” என்று கேட்போம். அவர் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் நமக்குத் தெரிந்த ஒரு கங்காணி குடும்பத்தையும் சொல்லிவிட்டால், நம்ம ஆள் என்று மனம் இளகிவிடும். அப்புறம் அட்டையும் கேட்பதில்லை, துணைக்கு ஆளும் கூப்பிடுவதில்லை. தோட்டத்தின் பெயரைச் சொல்ல யாராலும் முடியும். எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். அப்போதுதான் எவரும் தன்னை மட்டும் சந்தேகிப்பதாக நினைக்கமாட்டார்.

இடத்தையும் நேரத்தையும் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். இங்கே நிறைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே இருக்கின்றன. ரோட்டில் நிற்பவருக்குக் கூரை மட்டும் தெரியும். பாசி பிடித்த படிகளில் இறங்கி உள்ளே போய்விட்டால், மழை தகரத்தில் அடிக்கும்போது நாம் கத்தினாலும் மேலே கேட்காது. பல நாட்களில் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும், ஆறு மணி தாண்டினால் இருட்டு. “வேலை முடிந்து ஏழு மணிக்கு வாறேன்” என்பவரிடம் “சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாங்க” என்று சொல்லுங்கள். முதல் சந்திப்பு மேலே கடையடியில் நடக்கட்டும். கடைக்காரர் அவரைப் பார்த்துக்கொள்வார், வந்த வாகனத்தின் இலக்கமும் உங்கள் கண்ணில் படும். பக்கத்து வீட்டு அக்காவையோ தம்பியையோ கூட அழைத்துப்போங்கள். யாரும் இல்லாவிட்டால் “அரை மணித்தியாலத்தில் கோல் எடுக்காவிட்டால் வந்து பாருங்க” என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டு இறங்குங்கள். எந்த அறையில் சிக்னல் வருகிறது என்பதை முன்னதாகவே பார்த்துவையுங்கள். பழைய கல்வீடுகளில் பின்னறைக்குள் போனதும் கோடு மறைந்துவிடும்.

வீட்டுக்குள் நாம் முன்னால் நடந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டுவதுதான் பழக்கம். அதை மாற்றுங்கள். முன்கதவை முழுதாகத் திறந்து, காற்றில் மூடாதபடி ஒரு கல்லை வையுங்கள். “நீங்க போய்ப் பாருங்க” என்று அவரை முன்னால் விட்டு, வாசலுக்கும் அவருக்கும் நடுவில் நில்லுங்கள். குளியலறை, ஸ்டோர் ரூம், மேல்மாடி எதற்குள்ளும் பின்னால் போக வேண்டியதில்லை. சாவிக்கொத்து உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். தாலிக்கொடி, வளையல்களை அன்றைக்கு மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

அட்வான்ஸ் காசை அந்தக் காலி வீட்டில் நின்று எண்ணி வாங்கவே வேண்டாம். வங்கியில் போடச் சொல்லுங்கள். அவர் போனில் காட்டும் ரசீதுப் படத்தை நம்பாமல், உங்கள் கணக்கில் பணம் வந்ததா என்று பாருங்கள்.

ஏதோ சரியில்லை என்று பட்டால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். “மேலே மகன் நிற்கிறான், இதோ வாறேன்” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்துவிடுங்கள். வீட்டைப் பூட்டாமல் வந்தாலும் பரவாயில்லை. பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தின் நேரடி இலக்கத்தையும் போனில் பதிந்துவையுங்கள்.

அவர் போன பிறகு பின்கதவின் தாழ்ப்பாளையும் ஒவ்வொரு ஜன்னல் கொக்கியையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். பகலில் வீடு பார்க்க வந்து ஒரு கொக்கியைத் தளர்த்திவிட்டுப் போனால், இரவில் உள்ளே வர அது போதும்.