புது வண்டியில் ஒரே கோளாறு மறுபடி மறுபடி வந்தால்

டயருக்கடியில் நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காயுமுன்னே சில வண்டிகளில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துவிடும். ஷோரூமில் கம்ப்யூட்டரை மாட்டி அணைத்துக் கொடுப்பார்கள். நெல்லையிலிருந்து கிளம்பிக் கயத்தாறு தாண்டுவதற்குள் மறுபடி எரியும். மூன்றாவது தடவை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடுவது நம்ம ஊர் வழக்கம். சத்தத்துக்கு ஏசி அறையில் ஒரு டீ கிடைக்கும், அதோடு சரி. ஏனென்றால் அந்த மூன்று தடவையில் இரண்டு தடவை ஜாப் கார்டே (வண்டியின் வருகையையும் குறையையும் பதியும் சீட்டு) போட்டிருக்க மாட்டார்கள். "ஒரு நிமிஷம் இருங்க அண்ணாச்சி, பாத்துத் தந்துருதோம்" என்று வாசலிலேயே வேலை முடிந்திருக்கும். கம்பெனி கணக்கில் உங்கள் வண்டி அன்றைக்கு அங்கே வரவே இல்லை.

அதனால் கார்டு போடாமல் யாரையும் பானெட்டைத் திறக்க விடாதீர்கள். இரண்டு நிமிட வேலையானாலும், காசு வாங்காத வேலையானாலும் கார்டு வேண்டும்.

குறை வண்டியிலா, ஓட்டத்திலா

சண்டைக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஷோரூம்காரர் முதலில் தட்டப்போகும் இடம் இதுதான்.

பிஎஸ்6 டீசல் கார் வாங்கிவிட்டு ஜங்ஷன், டவுன், பாளை என்று நாலு நாலு கிலோமீட்டராக ஓட்டினால் சைலென்சர் பாதையில் இருக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி அடையும். அந்தக் கரி எரிய ஃபில்டர் நன்றாகச் சூடேற வேண்டும். டவுன் நெரிசலில் அந்தச் சூடு வராது. டிபிஎஃப் விளக்கு எரிந்தால் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை நிறுத்தாமல், சீரான வேகத்தில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். இருபது இருபத்தைந்து நிமிடத்தில் விளக்கு அணைந்தால் அது ஓட்டும் முறையால் வந்தது. அணையாவிட்டாலோ, அணைந்த இரண்டு மூன்று நாளில் திரும்ப எரிந்தாலோ அழுத்தம் அளக்கும் சென்சார், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகப்படலாம். கூடவே ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். கரி எரிக்கக் கூடுதலாகப் பாய்ச்சும் டீசல் ஆயிலில் கலந்தால் மட்டம் ஏறும். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் படம் எடுத்துக்கொண்டு நேரே சர்வீஸுக்குப் போங்கள், மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2-க்குக் கீழே போனால் எதுவோ உறிஞ்சுகிறது, அல்லது பேட்டரி சார்ஜைப் பிடித்து வைப்பதில்லை. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். சில புதிய கார்களில் ஆல்டர்னேட்டர் தானாகவே குறைத்து ஏற்றும் என்பதால் ஒரே தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. எல்லாம் அணைத்து, பூட்டி, அரைமணி நேரம் கழித்தும் 50 மில்லியாம்பியருக்கு மேல் கரன்ட் ஓடினால் கசிவு இருக்கிறது. அது கம்பெனிக் கசிவா, நீங்கள் வெளியில் மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவியா என்பதை அவற்றைக் கழற்றிவிட்டு அளந்தால் தெரிந்துவிடும்.

எலியை மறந்துவிட வேண்டாம். ஆற்றுப் பாசன வயலை ஒட்டி வீடு இருந்தால், அதுவும் அறுப்பு முடிந்த சமயத்தில், சூடாக இருக்கும் இன்ஜின் அறைதான் அதற்கு மாளிகை. வயரில் பல் தடம் ஒன்று கிடைத்தாலும் வாரண்டி அந்த இடத்தில் நின்றுவிடும். பிறகு இன்சூரன்ஸ்காரரிடம்தான் போக வேண்டும். இடம் மாறி மாறி எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தால் முதலில் டார்ச் அடித்து வயரிங்கைப் பாருங்கள்.

பெட்ரோல் வண்டி மழைக்குப் பிறகு இழுத்து இழுத்து நின்றால் "பெட்ரோல்ல தண்ணி" என்ற பதில் தயாராக இருக்கும். பாதி நேரம் அது உண்மையும்கூட. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரிவது கண்ணுக்கே தெரியும். உங்கள் முன்னால் செய்யச் சொல்லிப் படம் எடுங்கள். பிரியவில்லை என்றால் அந்தச் சாக்கு அன்றோடு முடிந்தது. வேறு பங்கில் இரண்டு மூன்று டேங்க் போட்டு ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுத்தால் காற்றைச் சரிபார்த்துவிட்டு முன் டயர் இரண்டையும் இடவலமாக மாற்றிப் போடுங்கள். டயர் ஒரே பக்கம் சுழலும் வகையாக இருந்தால் இது கூடாது. இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில். டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனி வாரண்டிதான். கார் கம்பெனியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

வந்து வந்து போகும் குறையைப் பிடிப்பது

மெக்கானிக் முன்னால் மட்டும் வராத குறைதான் ஆளைக் கொல்லும். ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், இன்ஜின் ஆறியிருந்ததா சூடா, என்ன கியர், என்ன வேகம், ஏசி போட்டிருந்ததா, எரிபொருள் எவ்வளவு, எத்தனை பேர், மழையா வெயிலா. பத்துப் பதிவு சேர்ந்தால் கோலம் தெரியும். சூடான பிறகு ஏசியோடு ஊர்ந்து போகும்போது மட்டும் நிற்கிறது என்றால், ஈரடுக்கு மேம்பாலத்துச் சாயங்கால நெரிசலில் மெக்கானிக்கை உட்கார வைத்து ஓட்டலாம். ஏற்றத்தில் இழுவை இல்லையென்றால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதை இருக்கிறது. ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்விட்டு "ஒண்ணும் தெரியலையே" என்பது சோதனையே இல்லை.

வீடியோ எடுத்தால் வெட்டாமல் எடுங்கள். ஓடோமீட்டரில் தொடங்கி விளக்கு, சத்தம் என்று ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பியது நகல்தான். மூலக் கோப்பைப் போனிலேயே வைத்திருங்கள்.

வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று காருக்கு வாங்குவது நல்ல செலவு. ப்ளூடூத்தில் போனோடு இணையும் சாதாரண ரகமே போதும். விளக்கு எரிந்ததும் கோளாறைக் குறிக்கும் கோடு (code) எண்ணையும், அந்த நொடியில் கம்ப்யூட்டர் பதிந்துகொண்ட வேகம், ஆர்பிஎம், சூடு முதலான விவரத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழிக்கும் பொத்தானைத் தொடவே வேண்டாம். பேட்டரி வயரைக் கழற்றினாலும் அந்தப் பதிவு போய்விடும். இதில் இன்னொரு உபயோகமும் இருக்கிறது. கோடு எண்ணை அழித்தால் வண்டியின் தானியங்கிச் சோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்ற நிலைக்குத் திரும்பும். பல தூரம் ஓடிய பிறகுதான் ஒவ்வொன்றாக முடியும். "கோடே இல்ல சார்" என்று திருப்பித் தந்த வண்டியில் அந்தச் சோதனைகள் எல்லாமே முடியாமல் கிடந்தால், யாரோ சற்று முன்தான் அழித்திருக்கிறார்கள்.

ஜாப் கார்டில் என்ன எழுத வேண்டும்

ஷோரூமில் குறையைக் கேட்டுக் கார்டு போடும் அட்வைசர் தானாக எழுதினால் இப்படி இருக்கும்: "செக் இன்ஜின் லைட் செக் செய்யவும்." இதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. நீங்கள் எழுதச் சொல்ல வேண்டியது இப்படி: "4,120 கி.மீ.யில், இன்ஜின் சூடான பின், ஏசியுடன் இரண்டாம் கியரில் ஊரும்போது இன்ஜின் நின்றது. இதே குறைக்கு இரண்டாம் முறை வருகை. முந்தைய கார்டு எண் இன்னது."

அடுத்த தடவையும் வார்த்தை மாறக் கூடாது. முதல் கார்டில் "ஜெர்க்", அடுத்ததில் "பிக்கப் இல்லை", மூன்றாவதில் "மைலேஜ் குறைவு" என்றிருந்தால் அவை மூன்று தனிக் குறைகள். ஒவ்வொன்றும் ஒரே தடவை வந்து சரியானதாகத்தான் கணக்கு.

"இந்த மாடலே இப்படித்தான் அண்ணாச்சி, நார்மல்" என்றால் கோபப்பட வேண்டாம். "அப்படியா தம்பி, அதையே கார்டுல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். பல தடவை அந்த இடத்தில் நார்மல் நார்மலாக இருக்காது. ஷோரூமின் டெமோ வண்டியை அதே வழியில் ஓட்டிப் பார்க்கவும் கேளுங்கள். இரண்டு வண்டியையும் அடுத்தடுத்து ஓட்டினால் வித்தியாசம் யாருக்கும் தெரியும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது மாற்றிய பாகத்தின் எண், சாஃப்ட்வேர் ஏற்றியிருந்தால் அதன் பதிப்பு, வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். பில் தொகை பூஜ்யமானாலும் பில் வேண்டும். வாரண்டியில் மாற்றிய பழைய பாகம் கம்பெனிக்குப் போய்விடும், அதனால் லேபிளைப் படம் எடுங்கள். "முழுத் திருப்தி" என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள்; குறை தீர்ந்ததா என்று ஓட்டிப் பார்க்காமல் போடாதீர்கள். "ஓட்டிப் பார்த்த பின்பே உறுதி சொல்ல முடியும்" என்று கையால் எழுதிப் போடலாம். அடுத்த நாள் கம்பெனியிலிருந்து போன் வரும். அதற்கு முன்பே அட்வைசர் தம்பி, "பத்துக்குப் பத்து சொல்லிருங்கண்ணே, இல்லன்னா எனக்கு இன்சென்டிவ் போயிரும்" என்று கெஞ்சியிருப்பார். பாவம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் பத்து, பின்னால் "வாடிக்கையாளர் திருப்தி" என்ற பெயரில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும்.

இதற்கிடையில் வெளியில் வயர் வெட்டி ஹாரன், லைட், மியூசிக் சிஸ்டம் எதுவும் மாட்ட வேண்டாம். ஃப்ரீ சர்வீஸை நாளும் கிலோமீட்டரும் தாண்ட விட வேண்டாம். வாரண்டியை மறுக்க முதலில் தேடுவது இவற்றைத்தான்.

மேலே எழுதுவது

ஒரே குறைக்கு மூன்றாவது கார்டு விழுந்ததும் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுத்துக்கு வாருங்கள். ஷோரூம் சர்வீஸ் மேனேஜருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல். சேசிஸ் எண், வாங்கிய தேதி, கார்டு எண்களும் தேதிகளும், வண்டி நின்ற மொத்த நாட்கள், இவ்வளவு போதும், வசவு வேண்டாம். கம்பெனியின் ஏரியா சர்வீஸ் இன்ஜினியர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டு 15 நாள் கெடு கொடுங்கள். சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, அந்த மாடலுக்கு ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எதைக் கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். அமெரிக்காவில் இருப்பதுபோல, இத்தனை தடவை ரிப்பேர் செய்தும் சரியாகாவிட்டால் புது வண்டி என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. வாரண்டியில் பாகத்தை மாற்றித் தருவதாக இருந்தால் முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொன்னதைக் கம்பெனி வக்கீல்கள் இன்றுவரை காட்டுகிறார்கள். ஆகவே படிப்படியாகக் கேளுங்கள்: புது வண்டி அல்லது பணம், அது இல்லாவிட்டால் கோளாறான கியர்பாக்ஸையோ இன்ஜினையோ முழுதாகப் புதிதாக மாற்றுவது, அந்தப் பாகத்துக்குக் கூடுதல் வாரண்டி, வண்டி நின்ற நாட்களுக்கு இழப்பீடு.

பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யலாம். அவர்கள் கம்பெனியிடம் கொண்டுபோவார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சின்ன விஷயங்கள் பல அங்கேயே முடிகின்றன. அடுத்து, ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் டெலிவரி ஆதாரத்தோடு தபாலில் நோட்டீஸ்.

ஆணையத்தில்

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை மதுரையிலோ நாகர்கோவிலிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. ஷோரூம், கம்பெனி இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒன்றை விட்டால் இருப்பவர் இல்லாதவர் மேல் பழியைப் போடுவார்.

லோடு வண்டிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றும் வண்டி என்றால் "வணிக நோக்கம், நுகர்வோரே அல்ல" என்று எதிர்வாதம் வரும். பிழைப்புக்காகச் சுயதொழிலாகச் செய்வதை "வணிக நோக்கம்" என்பதிலிருந்து சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. வண்டியை நீங்களே ஓட்டுவதையும், அதுதான் ஜீவனம் என்பதையும் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். லைசென்ஸ் நகலையும் சேருங்கள்.

வழக்கு தோற்கும் இடம் பெரும்பாலும் நிபுணர் அறிக்கைதான். நீங்கள் சொல்வதாலேயே அது தயாரிப்புக் குறை ஆகிவிடாது. தகுந்த ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே மனுக் கொடுங்கள். 38-வது பிரிவு அதற்கு வழி விடுகிறது. செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். சோதனை இருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும்.

அந்த இழுப்புக்குள் இரண்டு தவறு செய்யாதீர்கள். கோபத்தில் இஎம்ஐ கட்டுவதை நிறுத்தினால் பைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கிவிடுவார். சோதனைக்குக் காட்ட வண்டியே இருக்காது. பிரேக், ஸ்டீரிங் போன்ற ஆபத்தான குறையென்றால் ஓட்டவே வேண்டாம். ஷோரூமில் விட்டுவிடுவதானால் கிலோமீட்டர், தேதி, விட்ட காரணம் எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு "நாங்க சரி பண்ணி வச்சோம், அவருதான் எடுக்க வரல" என்று பார்க்கிங் வாடகைப் பில் வரும்.

நடுவில் சமரசத்துக்கு வந்தால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியை அப்படியே கையெழுத்திட்டுவிட வேண்டாம். மாற்றித் தரும் பாகத்தின் பெயர், அதற்கு எத்தனை மாத வாரண்டி, அதே குறை மறுபடி வந்தால் என்ன என்பதை அந்தத் தாளிலேயே எழுத வையுங்கள். சீல் ஷோரூமுடையது மட்டும் போதாது, கம்பெனிக் கையெழுத்தும் வேண்டும்.