காலி மனையில் நம்மூர்ப் பூக்காடு: விதைக்கும் முறை

காட்டுப்பூ விதை என்று விற்கும் பல பாக்கெட்டுகளில் காஸ்மாஸும் ஜினியாவும்தான் இருக்கும். இரண்டுமே மெக்சிகோ பக்கத்துச் செடிகள், ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். நாம் விதைக்கப்போவது ஆவாரை, கொழிஞ்சி, துத்தி. வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்பவை. முதல் இரண்டையும் ஆடு மாடு அவ்வளவாகத் தொடாது என்பதால் வேலியில்லாத மனையிலும் தைரியமாக விதைக்கலாம்.

ஆவாரை, துத்தி விதைகளைச் சாலையோரச் செடிகளிலேயே எடுக்கலாம். நெற்று நன்றாகக் காய்ந்து பழுப்பேறியிருக்க வேண்டும். செடியை மொட்டையடிக்காமல் பாதிக்கு மேல் விட்டுவிடுங்கள். கொழிஞ்சி விதை பசுந்தாள் உரத்துக்காகக் கடைகளிலேயே கிடைக்கும்.

இடத்தை ஆவணியிலேயே சுத்தம் செய்யுங்கள். ஒரு மழை பெய்ததும் களை முளைக்கும். மேலாகக் கொத்தி எடுங்கள். அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும், மறுபடியும் எடுங்கள். இதில் அவசரப்பட்டால் பின்னால் பார்த்தீனியத்தோடு வருடம் முழுக்கப் போராட வேண்டியிருக்கும். எரு, உரம் எதுவும் வேண்டாம். சத்து கூடினால் புல்தான் முந்தும்.

அடுத்தது விதை நேர்த்தி. இந்த மூன்றுக்குமே தோல் கெட்டி. கரடுமுரடான மணலோடு சேர்த்து, தோலின் பளபளப்பு மங்கும்வரை உள்ளங்கையால் தேயுங்கள். பிறகு இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் சில விதைகள் உப்பியிருக்கும், சில கல் மாதிரி அப்படியே கிடக்கும். கிடப்பதை எடுத்து மறுபடி தேயுங்கள். நான் முதல் தடவை தேய்க்காமலே தூவினேன். அந்த மழைக்காலம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன், புரட்டாசிக் கடைசியில் விதைப்பு. ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு மணல் கலந்து, பாதியைத் தெற்கு வடக்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் தூவுங்கள். ஆவாரை இடுப்புயரப் புதராகும், அதை ஓரங்களில் மட்டும் போடுங்கள். மண்ணை லேசாகக் கிளறி, காலால் மிதித்துவிட்டால் போதும். ஆழமாகப் புதைக்க வேண்டாம்.

சரி, முளைத்ததில் எது களை, எது நம் செடி? கொழிஞ்சியைக் கண்டுபிடிப்பது சுலபம். சிற்றிலை ஒன்றை இரண்டு முனையிலும் பிடித்து இழுங்கள். நேராகக் கிழியாமல் அம்புமுனை போலக் கூராகப் பிரியும். பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். கையுறை அவசியம், தோலில் அரிப்பு வரும். மற்ற களைகளை அரிவாளால் தாழ அறுத்தால் போதும். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் ஆடிவிடும்.

முதல் வருடம் பூ குறைவாகவே இருக்கும். செடி அப்போது வேரைத்தான் வளர்க்கிறது, கலைத்துவிடாதீர்கள். இரண்டாம் வருடம் துத்தியைப் பார்க்க மட்டும் சாயங்காலம் போங்கள். காலையில் கூம்பிக் கிடக்கும் அந்த மஞ்சள் பூ, வெயில் தாழ்ந்த பிறகுதான் விரியும்.