நண்பர் மனதில் நினைத்த எண்ணுக்கு முன்கூட்டியே விடை!

ஒரு துண்டுச் சீட்டில் 1089 என்று எழுதி, மடித்து நண்பர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இப்போதைக்குப் பிரிக்கக் கூடாது. அவர் ஏதாவது ஒரு மூன்று இலக்க எண்ணை நினைக்கட்டும். முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் குறைந்தது 2 வித்தியாசம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

732 என்று வைத்துக்கொள்வோம். திருப்பிப் போட்டால் 237. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 495. அதையும் திருப்பி, 594-ஐக் கூட்டச் சொல்லுங்கள்: 1089! சீட்டைப் பிரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எந்த எண்ணை எடுத்தாலும் கழித்த விடையின் நடு இலக்கம் 9. ஓர இலக்கங்களின் கூட்டலும் 9. அதனால் திருப்பிக் கூட்டினால் 900, 180, 9 என்றுதான் சேரும்.

மனக்கணக்கில் கழித்தல் தவறலாம், கால்குலேட்டரைக் கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, ஒரே ஆளிடம் இரண்டாம் முறை செய்யாதீர்கள்.