சிறுநீரக மாற்றுக்குப் பின் ஓயாத வயிற்றுப்போக்கு: சி.எம்.வி. ரத்தப் பரிசோதனையை எடுப்பதும் படிப்பதும்

சிறுநீரக மாற்று செய்துகொண்டவருக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் போனால், பாக்டீரியாவை விட்டுவிட்டுப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மைக்கோஃபீனலேட் மாத்திரை, குடலைத் தாக்கும் நோரோவைரஸ், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களைத் தாக்கும் சைட்டோமெகலோவைரஸ் எனும் சி.எம்.வி. இவற்றில் ரத்தத்தில் தேடிப் பயனுள்ளது சி.எம்.வி. மட்டுமே. நோரோவை மலத்தில்தான் பிடிக்க வேண்டும். பல கிருமிகளை ஒரே சோதனையில் தேடும், மலத்துக்கான மல்டிபிளெக்ஸ் பேனலில் சி.எம்.வி. பொதுவாக இருக்காது. ‘பேனல் நெகட்டிவ்’ என்று வந்ததும் சி.எம்.வி.யையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள்.

படிவத்தில் ‘சி.எம்.வி. குவான்டிடேட்டிவ் பி.சி.ஆர்.’ (வைரஸின் டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) என்று எழுதுங்கள். ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். எனும் எதிர்ப்பொருள் சோதனைகளைக் கேட்பது வீண் செலவு. ஐ.ஜி.ஜி. என்றோ வந்துபோன தொற்றைக் காட்டும். இந்தியாவில் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது பாசிட்டிவ்தான். எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கிவைத்த உடலில் ஐ.ஜி.எம். உருவாகாமலே போகலாம்.

ஊதா மூடி இ.டி.டி.ஏ. டியூபில் 3 முதல் 4 மி.லி. ரத்தம் எடுத்து, குலுக்காமல் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பச்சை மூடி வேண்டாம்; அதிலுள்ள ஹெப்பாரின் பி.சி.ஆர். நொதியை முடக்கிவிடும். டயாலிசிஸ் கதீட்டரிலிருந்து எடுப்பதைத் தவிர்த்து, கை நரம்பில் புதிதாகக் குத்தி எடுங்கள். ரத்த அணு எண்ணிக்கைக்குப் போன டியூபையே பி.சி.ஆருக்கும் அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த இயந்திரத்தின் ஊசி முந்தைய நோயாளியின் சாம்பிளில் ஒரு துளியைச் சுமந்து வந்தாலே போதும், இல்லாத வைரஸ் ரிப்போர்ட்டில் வந்துவிடும். தனி டியூப் வையுங்கள்.

பிளாஸ்மாவை 24 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும்: சென்ட்ரிஃபியூஜில் 800 முதல் 1600 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) வேகத்தில் 20 நிமிடம் சுழற்றுங்கள். உங்கள் கிட்டின் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தாமதமானாலோ, முழு ரத்தத்தை அப்படியே உறைய வைத்தாலோ வெள்ளணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் டி.என்.ஏ. பிளாஸ்மாவில் கலக்கும், அளவு பொய்யாக ஏறும்.

இனி ரிப்போர்ட். அலகு ஐ.யு./மி.லி. (ஒரு மி.லி.யில் எத்தனை சர்வதேச அலகு) என்று இருக்கிறதா பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசத் தரம் 2010இல் வந்த பிறகும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வித்தியாசம் தீரவில்லை. முழு ரத்தத்தில் பார்த்தால் பிளாஸ்மாவைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். அதனால் ஒரே ஆய்வகம், ஒரே வகை சாம்பிள். போன வாரம் 1,200, இந்த வாரம் 2,900 என்றால் பதற வேண்டாம். மூன்று மடங்குக்குக் குறைவான மாற்றம், அதாவது 0.5 லாக்குக்குக் கீழே, சோதனையின் ஊசலாட்டமாகவே இருக்கலாம். 1,200 அடுத்த வாரம் 9,000 ஆனால் அது உண்மையான ஏற்றம்.

நெகட்டிவ் ரிப்போர்ட்தான் அதிகம் ஏமாற்றும். குடலில் புண் இருந்தும் ரத்தத்தில் வைரஸ் தென்படாமல் போவது சி.எம்.வி.க்குப் புதிதல்ல, குறிப்பாக மாற்றுக்கு முன்பே ஐ.ஜி.ஜி. பாசிட்டிவாக இருந்தவர்களிடம். நம் ஊர் நோயாளிகளில் பெரும்பாலோர் அந்த ரகம். போக்கு நீடித்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ, பி.சி.ஆர். என்ன சொன்னாலும் கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்ப்பது) அனுப்புங்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்துத் திரும்பினால் வலப்பக்கக் குடலின் புண் தப்பிவிடும். புண்ணின் அடிப்பகுதி, விளிம்பு இரண்டிலிருந்தும் பல திசுத் துண்டுகள் வேண்டும். திசுவில் வைரஸின் புரதத்தைச் சாயமேற்றிக் காட்டும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி செய்யும்படி படிவத்திலேயே எழுதுங்கள். சி.எம்.வி. தாக்கிய, ஆந்தைக் கண் போன்ற செல்கள் சாதாரணச் சாயத்தில் எல்லாத் துண்டிலும் தெரிந்துவிடாது.

சிகிச்சை தொடங்கிய பின் வாரம் ஒரு முறை எடுத்தால் போதும். வைரஸ் எதிர்ப்பு மருந்தான கான்சிக்ளோவிர் ஆரம்பித்த முதல் வாரத்தில் அளவு ஏறினாலும் மருந்து தோற்றதாக எண்ண வேண்டாம். சிறுநீரகத் திறனுக்கேற்ற முழு அளவு இரண்டு வாரம் கொடுத்தும் இறங்கவில்லை என்றால், வைரஸின் யு.எல்.97, யு.எல்.54 மரபணுக்களில் மருந்தை எதிர்க்கும் மாற்றம் உண்டா என்று பார்க்க அனுப்ப வேண்டும்.

பி.சி.ஆருக்கு ரத்தம் எடுக்கும்போதே சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினினுக்கும், காலை மாத்திரைக்கு முன் நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸ் அளவுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸ் அளவு குறையும் என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஏறும், மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கும்.