நானோதிரவப் பெட்டிக்குள் காந்தப்புலம்: புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கு

கணிதத்தில் ஆராய்ச்சி செய்ய வரும் பிள்ளைகள், கோபியிலிருந்து வந்தாலும் உடுமலையிலிருந்து வந்தாலும், என்னிடம் முதலில் கேட்பது, "மேடம், காந்தப்புலத்தை எந்த இடத்தில் சேர்க்கணுங்க?" என்றுதான். நுண்துகள் கலந்த திரவம், அதாவது நானோதிரவம், ஒரு பெட்டிக்குள் சூட்டால் சுழல்வதைக் கணக்கிடும் புரோகிராமைத்தான் சொல்கிறார்கள். அதைக் கடைசியில் சேருங்கள் என்பேன்.

முதலில் பெட்டிக்குள் வெறும் காற்று இருக்கட்டும். சதுரப் பெட்டி, இடது சுவர் சூடு, வலது சுவர் குளிர், மேலும் கீழும் வெப்பம் போகாத சுவர்கள். 1983-இல் டி வால் டேவிஸ் என்ற ஆய்வாளர் இதற்குத் தந்த விடைகள்தான் இன்றும் உரைகல். பிராண்டில் எண் (வேகமும் வெப்பமும் பரவும் வீதங்களின் விகிதம்) 0.71 என்று வைத்தால், ரேலே எண் (சூட்டால் திரவம் மிதந்தெழும் வலிமை) 10,000-க்குச் சராசரி நசெல்ட் எண் (வெறும் கடத்தலைப்போல எத்தனை மடங்கு வெப்பம் போகிறது என்பது) 2.243, ஒரு லட்சத்துக்கு 4.519, பத்து லட்சத்துக்கு 8.800. ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் உங்கள் விடை வராமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். சூடான சுவரில் நுழையும் வெப்பமும் குளிர்ந்த சுவரில் வெளியேறும் வெப்பமும் சமமா என்றும் பாருங்கள்.

அப்புறம் தண்ணீரும் துகளும். கன அளவில் 4 சதவீதம் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள் கலந்தால், மேக்ஸ்வெல் சூத்திரப்படி வெப்பக் கடத்துத்திறன் 1.12 மடங்கு ஆகும். பிரிங்க்மன் சூத்திரப்படி பாகுநிலையும் (ஓட்டத்துக்குத் திரவம் காட்டும் தடை) 1.11 மடங்கு ஏறிவிடும். நசெல்ட் எண்ணைக் கணக்கிடும்போது சுவரில் கிடைக்கும் வெப்பநிலைச் சரிவை அந்த 1.12-ஆல் பெருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, துகள் போட்டால் வெப்பம் குறைகிறது என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

இனி காந்தப்புலம். கிடைமட்டமாகக் கொடுத்தால், ஏறி இறங்கும் திரவத்தை லாரன்ஸ் விசை (காந்தப்புலத்தில் நகரும் மின்கடத்தும் திரவத்தின் மேல் வரும் விசை) எதிர்த்திசையில் பிடித்து இழுக்கும். செங்குத்துத் திசைச் சமன்பாட்டில் ஹார்ட்மன் எண்ணின் (பாகுநிலையோடு ஒப்பிடக் காந்த விசை எவ்வளவு என்று காட்டுவது) வர்க்கம், பிராண்டில் எண், செங்குத்து வேகம் ஆகியவற்றின் பெருக்குத்தொகையை, நானோதிரவத்துக்கான விகிதங்களோடு, கழிக்க வேண்டும். புரோகிராமில் ஒரு வரிதான். ஆனால் ஹார்ட்மன் எண் 100 என்றால், வேகம் சட்டென்று மாறும் சுவரோர அடுக்கு பெட்டி அகலத்தில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். பெட்டி அகலத்தைச் சீராக 80 கட்டமாகப் பிரித்தால் அதற்குள் ஒரு கட்டம்கூட முழுதாக விழாது. சுவரை ஒட்டிக் கட்டங்களை நெருக்குங்கள்.

அந்த 100 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஹார்ட்மன் எண் என்பது காந்தப்புலம், பெட்டியின் அகலம், மின்கடத்துத்திறனைப் பாகுநிலையால் வகுத்ததன் வர்க்கமூலம் ஆகிய மூன்றின் பெருக்கல். 10 செ.மீ. பெட்டி, மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.05 சீமன்ஸ் உள்ள தண்ணீர், 1 டெஸ்லா என்று போட்டுப் பாருங்கள்: 0.7 வரும். 100 வேண்டுமென்றால் சுமார் 140 டெஸ்லா வேண்டும்! ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் இருப்பதே பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. அதே பெட்டியில் உருகிய காலியம் இருந்தால் 0.1 டெஸ்லாவிலேயே 400-ஐத் தாண்டும். அது உருக 30 டிகிரி போதும், நம் ஊர்ச் சித்திரை வெயிலே தாராளம். நம் பவுண்டரிகளில் இண்டக்‌ஷன் உலைக்குள் உருகிய இரும்பு தானாகப் புரள்வதும் இதே விசையால்தான். அங்கே புலம் மாறிக்கொண்டே இருப்பதால் கலக்குகிறது. நிலையான புலம் அடக்குகிறது.

இன்னொன்று, அலுமினாவின் மின்கடத்துத்திறன். பல கட்டுரைகளின் அட்டவணையில் மீட்டருக்கு மூன்றரைக் கோடி சீமன்ஸ் என்று இருக்கும். அது அலுமினிய உலோகத்தின் மதிப்பு. அலுமினா மின்சாரம் கடத்தாத பீங்கான். தவறான எண்ணைப் போட்டால் 4 சதவீதத் துகளுக்குத் திரவத்தின் மின்கடத்துத்திறன் 12.5 சதவீதம் கூடும். சரியான எண்ணைப் போட்டால் 6 சதவீதம் குறையும். திசையே மாறிப்போகிறது. தயவுசெய்து அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ரேலே எண்ணை 10,000-இல் நிறுத்திவிட்டு ஹார்ட்மன் எண்ணை 100 வரை ஏற்றுங்கள். அலுமினாக் கலவையின் நசெல்ட் எண் இறங்கி 1.12-க்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் புரோகிராமில் பிழை. நின்றால் மகிழ்ச்சி, ஆனால் அதை நானோதுகள் சலனத்தை (திரவம் நகர்ந்து வெப்பத்தைக் கொண்டுபோவதை) 12 சதவீதம் உயர்த்தியதாக முடிவுரையில் எழுத வேண்டாம். அங்கே சலனமே இல்லை, கடத்தல் மட்டும்தான் இருக்கிறது.